நிலமும் பொழுதும்: லின்னேயஸ் டிரைப்பின் வாழ்வும் தமிழகக் காட்சிப் பதிவும்

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப்பின் (1822–1902) வாழ்க்கையை இக்கட்டுரை தொகுத்துரைக்கின்றது. படைவீரராக இந்தியாவுக்கு வந்த அவர் 1855-இல் ஆவா தூதுக்குழுவிலும் 1857–58-இல் தமிழகச் செலவிலும் எடுத்த படங்கள், அளவாய்வுப் பயணங்களில் ஒளிப்படம் பெற்ற இடத்தை விளக்குகின்றன. அவர் சென்ற வழியில் அமைந்த மதுரைக்கும் தஞ்சைக்கும் ஒளிப்படச் சான்று வாய்த்தது. அவருடைய தொகுதிகளில் இடம்பெறாத அரியலூர், உடையார்பாளையம் பகுதிகளுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. ஓர் அலுவலரின் வழித்தடமும் ஓர் ஆளுநரின் செலவுக் கணக்கும் ஒரு நாட்டின் காட்சி நினைவை எவ்வளவு தூரம் வரையறுத்தன என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: டிரைப், ஒளிப்படம், அளவாய்வு, மெழுகுத்தாள், தஞ்சைக் கல்வெட்டு, ஆவா, அரியலூர், ரெட்டிபாளையம்.

முன்னுரை

அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்தில் இன்று நிற்பவர் காண்பது சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் ஆகும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சிப்பி ஓடுகள் இறுகிக் கல்லாகி, அக்கல்லே இன்று வெட்டி எடுக்கப்படுகின்றது. வெட்டப்பட்ட இடத்தில் நிலத்தின் பழைய மேற்பரப்பு இல்லை. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் எவ்வாறு இருந்தது என்று வினவினால், நிலவியலாளர் எழுதிய விளக்கவுரையும் வரைபடமும் விடை தருகின்றன. கண்ணால் கண்டு உணரத்தக்க ஒளிப்படம் என்று எடுத்துக்காட்டுவது அரிது.

இதற்கு மாறாக மதுரையின் வையைப் பாலத்தையும் யானைமலையையும், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும், தஞ்சைப் பெரிய கோயிலையும் 1858-ஆம் ஆண்டில் இருந்தவாறே இன்றும் காண இயலுகின்றது. இவ்வேறுபாட்டுக்குக் காரணமானவருள் முதன்மையானவர் லின்னேயஸ் டிரைப். அவருடைய படங்கள் நூல்களிலும் கண்காட்சிகளிலும் பரவலாக இடம்பெற்றுள்ளன. எனினும் அவரது வாழ்வைத் தமிழ்நிலத்தின் பக்கம் நின்று நோக்கும் முயற்சி தமிழில் குறைவாகவே நிகழ்ந்துள்ளது. அம்முயற்சியின் ஒரு பகுதியாக இக்கட்டுரை அமைகின்றது.

இளமையும் படைப்பணியும்

டிரைப் 1822 ஏப்ரல் 14 அன்று இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன்போர்ட்டில் பிறந்தார். அது கடற்படைத் தளம் அமைந்த துறைமுக ஊர். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸின் பெயரை அவர் தாங்கியிருந்தார். உலகின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் வகைப்படுத்திப் பெயரிட்ட அறிஞரின் பெயர், பிற்காலத்தில் இடங்களையும் கட்டடங்களையும் எண்ணிட்டு அடுக்கிய ஒருவருக்கு வாய்த்தது பொருத்தமே.

1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்த அவர், சென்னைக் காலாட்படையின் 12-ஆம் பிரிவில் பணியாற்றினார். முதல் பத்தாண்டுகளில் அவர் பிற இளம் அதிகாரிகளைப் போன்றே வாழ்ந்தார். அவர் வாழ்வின் திருப்பம் நீண்ட விடுப்பில் தாயகம் சென்றபோது நிகழ்ந்தது. 1850-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒளிப்படம் செல்வர்க்கும் படித்தவர்க்கும் உரிய புதிய கலையாகப் பரவிக்கொண்டிருந்தது. 1853-இல் இலண்டன் ஒளிப்படக் கழகம் தோன்றியபோது டிரைப் அதில் உறுப்பினரானார். 1854-இல் கேப்டன் பதவியுடன் பெங்களூருக்குத் திரும்பியபோது ஒளிப்படக் கருவியும் அதற்கான பயிற்சியும் அவருடன் வந்தன.

அவ்வாண்டின் இறுதியில் அவர் ஹளேபீடு, பேலூர் ஆகிய இடங்களின் ஹொய்சளர் கோயில்களைப் படமெடுத்தார். இது அரசின் ஆணையின்றித் தம் விருப்பால் செய்த பணி. 1855-இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் அவர் வைத்த 68 படங்கள் முதல் தரப் பதக்கம் பெற்றன. பொழுதுபோக்காகத் தொடங்கிய கலை அரசின் கவனத்தை ஈர்த்தது இக்கட்டத்திலேயே ஆகும்.

மெழுகுத்தாள் முறையும் வெப்ப நிலமும்

டிரைப்பின் படங்களைப் புரிந்துகொள்ள அவர் கையாண்ட தொழில்நுட்பத்தை அறிதல் வேண்டும். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்துக் கழுவும் முறை புகழ்பெற்றுவந்தது. அதில் விவரங்கள் கூர்மையாக விழும். ஆனால் வெப்பநிலத்தில் ஈரம் விரைவில் உலரும். ஒவ்வோரிடத்திலும் இருட்டுக் கூடாரம் அமைக்க வேண்டும். கண்ணாடியோ எடை மிகுந்தது, எளிதில் உடைவது.

டிரைப் தம் பெரும்படங்களுக்கு மெழுகுத்தாள் முறையைத் தேர்ந்தார். மெல்லிய தாளில் மெழுகை ஊறச்செய்து, அயோடைடுக் கரைசலிலும் பின் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலிலும் தோய்த்து உலர்த்துவர். இவ்வாறு ஆயத்தம் செய்த தாளைச் சில நாள் கழித்தும் பயன்படுத்தலாம். ஒளிபட்ட தாளையும் உடனே கழுவ வேண்டுவதில்லை. மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் செல்பவருக்கு இது பெரும் வசதி. ஏறத்தாழ 12 அங்குல உயரமும் 15 அங்குல அகலமும் கொண்ட எதிர்ப்படங்களை அவர் எடுத்தார். எதிர்ப்படத்தின் அளவே அச்சுப்படத்தின் அளவும் ஆதலால், கருவியும் அதற்கேற்பப் பெரிதாக இருந்தது.

இம்முறைக்குரிய குறைகளும் உண்டு. ஒளியை நெடுநேரம் ஏற்க வேண்டியிருந்ததால் நடமாடும் மனிதர் படத்தில் பதிவதில்லை. மக்கள் நெருக்கம் மிக்க கோயில் மண்டபங்களும் தெருக்களும் ஆளற்றவை போல் அவர் படங்களில் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அக்கால வேதிப்பூச்சு நீல ஒளிக்கு மிகுதியாகவும் பச்சைக்குக் குறைவாகவும் இசைந்தது. அதனால் வானம் வெறுமையாக வெளுத்தும், மரஞ்செடிகள் இருண்ட திரளாகவும் விழுந்தன. இக்குறையைப் போக்க டிரைப் எதிர்ப்படத்தின் மீதே தூரிகையால் முகில்களைத் தீட்டினார். இலைத்தொகுதிகளுக்கு ஒளி சேர்த்தார். உள்ளதை உள்ளவாறு காட்டும் சான்று என்று அரசு கருதிய படத்தில், படைத்தவரின் கையும் கலந்திருந்தது என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று ஒருசேர வகுத்தது. காட்சி என்பது இடத்தால் மட்டும் அமைவதன்று, அது காலத்தாலும் அமைவது என்னும் தெளிவு அவ்வகுப்பில் உள்ளது. டிரைப்பின் செயல்முறையும் இத்தெளிவையே நடைமுறையில் கடைப்பிடித்தது. ஒரு கோபுரத்தின் எப்பக்கத்தில் எவ்வேளையில் வெயில் சாய்ந்து விழும், எப்போது நிழல் சிற்பத்தை எடுத்துக்காட்டும் என்று ஆய்ந்தே அவர் கருவியை நிறுத்தினார் என்பதை அவர் படங்களின் ஒளியமைப்பு உணர்த்துகின்றது.

ஆவா தூதுக்குழு

1852-ஆம் ஆண்டுப் போரில் பர்மாவின் பெகு மாகாணத்தைக் கம்பெனி கைப்பற்றியது. அதனை மிண்டோன் மன்னர் உடன்படிக்கை வழி ஏற்றுக்கொள்ளச் செய்யும் நோக்குடன் 1855-இல் ஆர்தர் ஃபேர் தலைமையில் தலைநகர் அமரபுரத்துக்குத் தூதுக்குழு சென்றது. உடன்படிக்கை கைகூடவில்லை. ஆனால் குழுவின் மற்றொரு நோக்கம் நிறைவேறியது. அயலார்க்கு அதிகம் தெரியாத ஒரு நாட்டின் ஆறு, மண், ஊர், கட்டடம், கனிமம் ஆகியவற்றைப் பற்றிய செய்தி திரட்டலே அந்நோக்கம்.

குழுவின் அமைப்பே இதனைப் புலப்படுத்தும். செயலராக ஹென்றி யூல், நிலவியலாளராக இந்திய நிலவியல் அளவாய்வுத் துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாம், ஓவியராகக் கோல்ஸ்வொர்த்தி கிராண்ட், ஒளிப்படக்காரராக டிரைப் ஆகியோர் இடம்பெற்றனர். ஒரே நிலத்தைச் சொல்லாலும் வரைபடத்தாலும் வண்ணத்தாலும் ஒளியாலும் ஒரே வேளையில் பதிவுசெய்த பயணம் அது.

ஆகஸ்டு மாதம் ரங்கூனிலிருந்து புறப்பட்டு ஐராவதி ஆற்றின் வழியே குழு வடக்கு நோக்கிச் சென்றது. மழைக்காலம், மங்கிய வானம், உடல்நலக் குறைவு ஆகியவற்றால் டிரைப் பணிசெய்ய இயன்ற நாள்கள் சிலவே. அச்சில நாள்களிலும் பகான் கோயில்கள், அமரபுரத்தின் மடங்கள், ஆற்றங்கரை ஊர்கள், ரங்கூனின் சுவேடகோன் பகோடா முதலியவற்றை 200-க்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களில் பதிவுசெய்தார். பெங்களூர் திரும்பிய பின் அவற்றிலிருந்து 120 படங்களைத் தேர்ந்து 50 தொகுதிகளாக அச்சிட்டார். ஒவ்வொரு படமும் வெயிலில் தனித்தனியே அச்சிடப்பட வேண்டியதாக இருந்தது. 6000 அச்சுப்படங்களையும் ஆயத்தம் செய்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இப்பணியில் இந்திய உதவியாளர் பலர் ஈடுபட்டனர். தாள் தோய்த்தவர், வெயிலில் காத்து நின்றவர், கழுவி உலர்த்தியவர் ஆகியோரின் பெயர்கள் தொகுதிகளின் முகப்பில் இடம்பெறவில்லை.

அமெரிக்காவின் மேற்குப் பகுதி அளவாய்வுகளில் டிமோத்தி ஓ’சல்லிவன் பங்குகொண்டது 1867-இல் ஆகும். இமயமலைப் பயணங்களால் புகழ்பெற்ற சாமுவேல் போர்ன் அப்பயணங்களை மேற்கொண்டது 1863 முதலே. அவர்களுக்கு முன்னரே அரசுக் குழு ஒன்றுடன் சென்று, ஒரு நாட்டின் காட்சியை ஒழுங்குபட எண்ணிட்டுப் பதிவுசெய்தவர் டிரைப் என்பது ஒளிப்பட வரலாற்றில் அவருக்குள்ள இடத்தைக் காட்டும்.

சென்னை அரசின் ஒளிப்படக்காரர்

பழஞ்சின்னங்களைப் பதிவுசெய்வதில் ஓவியரை விட ஒளிப்படக்காரரே நம்பகமானவர், செலவும் குறையும் என்னும் எண்ணம் கம்பெனியின் இயக்குநர்களிடையே 1855 அளவில் வலுப்பெற்றிருந்தது. பம்பாய் மாகாணத்தில் தாமஸ் பிக்ஸ் இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். சென்னையில் ஹாரிஸ் பிரபு ஆளுநராக இருந்தபோது 1856-இல் டிரைப் அரசு ஒளிப்படக்காரராக நியமிக்கப்பெற்றார். பர்மாப் படங்களின் அச்சுப்பணி முடிந்த பின் 1857-இல் புதிய பணியைத் தொடங்கினார்.

அவ்வாண்டு வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி வெடித்த ஆண்டு. இலக்னோவில் போர் நடந்துகொண்டிருந்த மாதங்களில், படையதிகாரி ஒருவர் தெற்கே கோயில்களையும் மலைகளையும் படமெடுத்துச் சென்றார் என்பது வியப்பளிக்கலாம். ஆட்சி செலுத்தும் நிலத்தை அறிந்து ஆவணப்படுத்துவதும் ஆட்சியின் ஒரு கூறாகவே கருதப்பட்டது என்று கொண்டால் இதில் முரண் இல்லை. அவ்வாவணம் பின்னாளில் யாருக்குப் பயன்படும் என்பது ஆவணப்படுத்தியவர் கையில் இல்லை.

தமிழகச் செலவு

1857 டிசம்பர் நடுவில் டிரைப் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். இராயக்கோட்டை முதலாகச் சேலம் மாவட்டத்து இடங்களைப் படமெடுத்து, காவிரிக் கரையை அடைந்தார். 1858 ஜனவரியில் திருவரங்கமும் திருச்சிராப்பள்ளியும், அதன் பின் மதுரையும், பின்னர் புதுக்கோட்டையும் தஞ்சையும் திருவையாறும் அவருடைய கருவியின் முன் வந்தன. ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார். நாலரை மாதச் செலவின் விளைவு, இடப்பெயர்களைத் தலைப்பாகக் கொண்ட தொகுதிகளாக 1858-இல் வெளிவந்தது. கண்ணாடித் தகட்டில் எடுத்து இரட்டைக் கண்ணாடி வழியே காணத்தக்க சிறுபடங்களும் தனியே தொகுக்கப்பெற்றன.

மதுரைத் தொகுதி இவற்றுள் விரிவானது. மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்கள், புதுமண்டபத்தின் தூண்வரிசை, வண்டியூர்த் தெப்பக்குளம், அழகர்கோயில், வையையின் குறுக்கே அமைந்த தாழ்பாலம், யானைமலை ஆகியன அதில் உள்ளன. யானைமலைப் படம் நிலக்காட்சிக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். மலையின் முழு நீளத்தைக் காட்டும் வழக்கமான பார்வையோடு நில்லாமல், அதன் முனைப்பகுதியை எதிர்நின்று நோக்கும் கோணத்தையும் அவர் தேர்ந்தார். அக்கோணத்தில் யானை மறைந்து வெற்றுப்பாறை எழுந்து நிற்கின்றது. மலையின் பெயரை மக்கள் எவ்விடத்தில் நின்று இட்டனர் என்பதை அப்பெயர் பொருந்தாத இடத்திலிருந்து எடுத்த படம் எதிர்மறையாக உணர்த்துகின்றது.

திருமலை நாயக்கர் அரண்மனைப் படங்களின் சான்றுமதிப்பு மிகப் பெரிது. டிரைப் கண்டது சிதைந்த அரண்மனையை. பின்னர் 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் அது பழுதுபார்க்கப்பெற்றது. இன்று நாம் காணும் வடிவத்துள் பழையது எது, செப்பனிட்டது எது என்று பிரித்தறிய விழையும் ஆய்வாளர்க்கு 1858-ஆம் ஆண்டுப் படங்கள் இன்றியமையாதன.

தஞ்சையிலும் காலத்தின் இடைவெளி ஒன்று பதிவாயிற்று. கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-இல் ஆண்வாரிசின்றி மறைந்தபின் அவ்வரசு கம்பெனியால் இணைத்துக்கொள்ளப்பட்டது. மூன்றாண்டுகள் கழிந்த நிலையில் டிரைப் அங்குச் சென்றார். பெரிய கோயிலின் விமானம், நந்தி, சுப்பிரமணியர் கோயில் ஆகியவற்றை அவர் படமெடுத்தபோது, அவற்றைப் புரந்த அரச மரபு முடிவுற்றிருந்தது.

கல்வெட்டைப் படமாக்கிய செயல்

தமிழ் ஆய்வுலகம் டிரைப்பை நினைவுகூரத் தனிக் காரணம் ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிப் பொறிக்கப்பெற்ற கல்வெட்டின் ஒரு பகுதியை அவர் அடுத்தடுத்து நகர்ந்து படமெடுத்தார். 21 அச்சுப்படங்களை ஒட்டி இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார்.

இதன் அருமையை அச்செயலின் அளவியல் நோக்கில் உணரலாம். ஒவ்வொரு முறையும் கருவிக்கும் சுவருக்கும் உள்ள தொலைவு மாறாமல் இருக்க வேண்டும். ஒரு படத்தின் விளிம்பு அடுத்த படத்தின் தொடக்கத்தோடு பொருந்த வேண்டும். வெயில் நகர்வதற்குள் எழுத்தின் நிழலாழம் பெரிதும் வேறுபடாமல் காத்துக்கொள்ள வேண்டும். நில அளவையாளர் சங்கிலி பிடித்து வயலை அளப்பதைப் போன்று, அவர் கல்வெட்டின் நீளத்தைச் சட்டம் சட்டமாக அளந்து சென்றார் எனலாம்.

எழுத்தைப் படித்தறியும் பணி பின்னர் வந்தது. சென்னை அரசின் கல்வெட்டறிஞராக 1886-இல் அமர்ந்த இ. ஹுல்ஷ், தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 1891 முதல் வெளியிடத் தொடங்கினார். மூலபாடத்தைப் பதிப்பிப்பதற்கு மைப்படி எடுக்கும் முறையே ஏற்றது. டிரைப்பின் சுருளை ஹுல்ஷின் பதிப்புக்கு முன்னோடி என்று நேரடியாகக் கூறல் பொருந்தாது. ஆயினும் கல்வெட்டு என்பது எழுத்து மட்டும் அன்று. அது சுவரின் மேடுபள்ளங்களோடும் கற்களின் இணைப்போடும் கூடிய ஒரு பொருள் என்பதை மைப்படியை விட ஒளிப்படமே முழுமையாகக் காட்டும். முப்பத்து மூன்று ஆண்டுகள் முன்னரே அதனை அவ்வாறு காட்டியவர் டிரைப்.

சென்னைக்குத் திரும்பியதும் அவர் செய்த மற்றொரு பணியும் இவ்வகையினது. அமராவதியில் வால்டர் எலியட் 1845-இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய புத்தச் சிற்பப் பலகைகளை அவர் 1858-இல் படமெடுத்தார். மறு ஆண்டே அப்பலகைகள் இலண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டன. இன்று அவை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை சென்னையில் இருந்த நாள்களின் நிலையை அப்படங்கள் காட்டுகின்றன.

கொள்ளிடத்தின் வடகரை

டிரைப் திருச்சிராப்பள்ளியில் படமெடுத்தபோது, இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தன. ஆனால் அவருடைய தொகுதித் தலைப்புகளுள் அரியலூரோ உடையார்பாளையமோ கங்கைகொண்டசோழபுரமோ இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இணையாக முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயில் கொள்ளிடத்தின் வடகரையில் நின்றது. 1836-இல் கீழணை கட்டப்பட்டபோது அக்கோயிலின் திருமதிலும் கோபுரமும் கல்லுக்காகப் பெரிதும் தகர்க்கப்பட்டிருந்தன. ஒளிப்படம் இந்நிலத்துக்கு வருமுன்னரே அவ்விழப்பு நேர்ந்துவிட்டது. எஞ்சியதைப் பதிவுசெய்யும் வாய்ப்பு 1858-இல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது.

இவ்விடத்தில் நிலவியலாளரின் பணியை ஒப்புநோக்குதல் வேண்டும். அரியலூர்ப் பகுதியின் கல்லுருவான உயிரெச்சங்களைக் கேயும் கன்லிஃபும் 1840-களின் தொடக்கத்தில் திரட்டினர். இலண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை ஆய்ந்து 1846-இல் விளக்கினார். பின்னர், டிரைப்புடன் ஐராவதியில் பயணம் செய்த அதே ஓல்டாமின் துறையைச் சார்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு, இந்நிலப்பரப்பை நேரில் ஆய்ந்து 1862-இல் விரிவான நூல் வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பாறையடுக்குகளுக்கு இட்ட பெயர்கள் உலக நிலவியலில் இன்றும் வழங்குகின்றன. இங்குத் திரட்டிய சிப்பிகளையும் நத்தைகளையும் பிறவற்றையும் ஃபெர்டினண்டு ஸ்டொலிச்கா ஆய்ந்து விளக்கிய பெருந்தொகுதிகள் 1873-இல் நிறைவுற்றன. அவற்றின் படங்கள் கல்லச்சில் வரைந்த ஓவியங்கள்.

ஆகவே ஒரே பத்தாண்டுக் காலத்துள் திருச்சிராப்பள்ளி மாவட்டம் இருவகை அளவாய்வுக்கு உட்பட்டது. தெற்கே கட்டடமும் மலையும் ஒளியில் பதிந்தன. வடக்கே மண்ணும் கல்லும் சொல்லிலும் கோட்டிலும் பதிந்தன. நிலவியலாளர் சிப்பியின் வரிகளை நுணுக்கமாக வரையச் செய்தனர். அச்சிப்பி கிடந்த மேட்டின் தோற்றம் அவர்கள் நோக்கத்துள் அடங்கவில்லை. ஒளிப்படக்காரர் நிலத்தின் தோற்றத்தை விரும்பினார். ஆனால் கோயிலும் கோட்டையும் உள்ள ஊர்களையே அவர் வழி தொட்டது. பர்மாவில் ஓல்டாமும் டிரைப்பும் ஒரே குழுவில் சென்றதால் கிடைத்த கூட்டுப் பதிவு, அரியலூர்க்குக் கிடைக்கவில்லை. ரெட்டிபாளையம், கல்லங்குறிச்சி முதலிய ஊர்களின் சுண்ணாம்பு நிலம் சுரங்கத்துக்கு முன் எவ்வாறு தோன்றியது என்பதை இன்று ஊரின் முதியோர் நினைவிலிருந்தே கேட்டறிய வேண்டியுள்ளது.

பணி நிறுத்தமும் இறுதிக்காலமும்

டிரைப்பின் செலவு தொடர்ந்திருப்பின் விடுபட்ட பகுதிகளுக்கும் அவர் சென்றிருக்கக்கூடும். அவ்வாறு நிகழவில்லை. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அரசின் நிதிநிலை நெருக்கடியுற்றது. 1859-இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெலியன், அரசு ஒளிப்படக்காரர் என்னும் பதவியை அன்றைய நிதிநிலை தாங்காத ஆடம்பரமாகக் கருதினார். புதிய பணிகள் நிறுத்தப்பட்டன. கையிலிருந்த எதிர்ப்படங்களை அச்சிட்டு முடிப்பதோடு 1860-இல் பெங்களூர் நிலையம் மூடப்பட்டது.

டிரெவெலியனின் முடிவை எளிதில் பழிக்க இயலாது. வரி செலுத்திய உழவரின் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்னும் வினா அவர்முன் இருந்தது. பெரும் தொகுதிகளின் முதன்மைப் பயனாளர் உயர் அலுவலரும் இங்கிலாந்தின் நிறுவனங்களுமே ஆவர். எனினும் அரசு பின்னரும் இத்தேவையை உணர்ந்தது. 1867–68-இல் எட்மண்டு லயன் என்பாரைக் கொண்டு தென்னிந்தியக் கோயில்களை மீண்டும் படமெடுக்கச் செய்தமை இதற்குச் சான்று.

டிரைப்பின் வாழ்வு அதன்பின் ஒளிப்படத்திலிருந்து விலகியது. படைப்பணிக்குத் திரும்பிய அவர் பதவியில் உயர்ந்தார். பின்னாளில் பர்மாவில் பணியாற்றியபோது சில படங்களே எடுத்தார். 1870-களின் நடுவில் ஓய்வுபெற்று, மதிப்புநிலைத் தளபதிப் பட்டத்துடன் தாம் பிறந்த டெவன்போர்ட்டுக்குத் திரும்பினார். 1902 மார்ச் 2 அன்று அங்கேயே மறைந்தார். எண்பது ஆண்டை நெருங்கிய அவ்வாழ்வில் அவர் முழுமூச்சாக ஒளிப்படத்துக்கு அளித்தவை ஏறத்தாழ ஆறு ஆண்டுகளே. மறைந்தபோது அவர் பெயர் பெரிதும் மறக்கப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆய்வாளர் அவரை மீட்டெடுத்தனர். 2014-ஆம் ஆண்டு தொடங்கி வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களில் அவர் படங்களின் தனிக்கண்காட்சி நடைபெற்றது.

முடிவுரை

டிரைப்பின் வாழ்க்கையிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, அளவாய்வு ஒளிப்படம் நடுநிலைப் பதிவு போலத் தோன்றினும் அதில் கோணமும் பொழுதும் தூரிகையும் கலந்துள்ளன. ஆகவே அதனைச் சான்றாகக் கொள்வோர் இலக்கியப் பனுவலைப் போன்றே அதனையும் திறனாய்ந்து கொள்ளுதல் வேண்டும். இரண்டாவது, ஆட்சியின் தேவைக்காக எடுக்கப்பெற்ற படம், எடுத்தவர் எண்ணாத பயனைப் பின்னாளில் தருகின்றது. நாயக்கர் அரண்மனைப் படங்களும் தஞ்சைக் கல்வெட்டுச் சுருளும் இதற்குச் சான்றுகள். மூன்றாவது, பதிவானவற்றின் சிறப்பைப் பேசும்போது பதிவாகாதவற்றின் எல்லையையும் குறித்தல் வேண்டும். நாலரை மாதச் செலவும் ஓர் ஆளுநரின் சிக்கனமும் தமிழகக் காட்சி வரலாற்றின் எல்லைக்கோடுகளாயின.

இம்மூன்றாம் கருத்து இன்றைக்கும் பொருந்துவது. அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்பு நிலங்கள் ஆண்டுதோறும் வடிவம் மாறுகின்றன. காரை மேடுகளும் சாத்தனூர்க் கல்மரமும் ஓரளவு கவனம் பெற்றுள்ளன. ரெட்டிபாளையம் போன்ற ஊர்களின் வயலும் ஓடையும் மேடும் அக்கவனத்தைப் பெறவில்லை. 1858-இல் தேவைப்பட்ட பெருங்கருவியும் மாட்டுவண்டியும் மெழுகுத்தாளும் இன்று தேவையில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், ஆண்டுக்கு ஒருமுறை குறிப்போடு எடுக்கும் படம் போதும். தமிழ்த்துறைகளின் கள ஆய்வில் ஊர்ப்பெயரும் வழக்காறும் திரட்டுவதோடு நிலக்காட்சிப் பதிவும் இணைக்கப்பெறுமாயின், கொள்ளிடத்தின் வடகரைக்கு டிரைப் தராமற்போன சான்றை இனிவரும் ஆய்வாளர்க்கேனும் தரலாம்.